அச்சமின்மைச் சான்றிதழ்

வருடம் முழுவதும் எதையாவது எதிர்பார்த்துக்கொண்டு இருந்தால்தான் மனிதருக்கு நாள் நகரும். சிலர் இடமாற்ற உத்தரவை எதிர்பார்ப்பார்கள். சிலர் வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளி கிளம்பும் நாளை எதிர்பார்ப்பார்கள். பல்லக்கா எதிர்பார்த்துக்கொண்டிருந்தது விபரீதக் கதை வாசகர் பேரவையின் எட்டாவது ஆண்டு மாநாட்டை.

பல்லக்கா என்பது பேரவையில் வைத்த பெயர். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்வது அவள் உத்தியோகம். முன்னறையில் மருத்துவர் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார். பின்னறையில் இவள் அந்த அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, அந்த வாயைப் போலவே ஒரு வாய் வார்த்து, அதற்குப் பொருத்தமாகப் பல் வரிசை கட்டுவாள். ஊரில் யாருடைய முகமும் அவளுக்குத் தெரியாது, வாய்கள் தெரியும். சுவர் அலமாரியில் ஐம்பது அறுபது வெள்ளை வாய்கள் எப்போதும் அவளைப் பார்த்துத் திறந்தபடி இருக்கும். பத்து வருடம் அந்த அறையில் உட்கார்ந்தவளுக்கு விபரீதக் கதை பிடிக்காமல் போயிருந்தால்தான் ஆச்சரியம்.

பேய்க்கதைதானே என்று சொல்லிவிடாதீர்கள், பேரவைக்காரர்களுக்குப் பொத்துக்கொண்டு வரும். பேய்க்கதையில் செத்தவர்கள் வருவார்கள். விபரீதக் கதையில் வந்தது என்ன என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. எழுதியவருக்கும் தெரியாவிட்டால் அது உயர்ந்த ரகம்.

பேரவையில் நாற்பது உறுப்பினர்கள். அவர்களில் ஒருவர்கூடப் பயந்து பல வருடம் ஆகிறது. நாள் முழுக்க இனிப்புப் போடுகிறவருக்கு இனிப்பைக் கண்டால் வாய் ஊறாது இல்லையா, அந்த மாதிரி. மேடையில் ஒருவர் கதை படித்து முடித்ததும் மற்றவர்கள் தலையை லேசாக ஆட்டி, "சூழல் நல்லா வந்திருக்கு" என்பார்கள். பயந்தேன் என்று சொல்வது நாகரிகக் குறைவு. ஒரு மாநாட்டில் புதிதாக வந்த ஒருவர் கதையின் நடுவில் "ஐயோ" என்றுவிட்டார். பாவம், அதற்கப்புறம் அவருக்கே வெட்கமாகிப் போய் வருவதை நிறுத்திக்கொண்டார்.

போன வருடம் வரை மாநாட்டுக்குக் கருப்புச் சட்டை. இந்த வருடம் கருப்பு பழசாகிவிட்டது, சாம்பல் நிறம்தான் ஆழம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பல்லக்கா நான்கு மாதம் முன்பே மூன்று சட்டைகளைச் சாயத்தில் ஊறப்போட்டாள். அதே வாளியில் தவறி விழுந்த கணவரின் உள்பனியன்களும் ஆழமாகிவிட்டன.

இந்த முறை அவளுக்குத் தலைகால் புரியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பேரவையைத் தொடங்கியவர்களுக்கு மேடை எப்போதும் உண்டு. மற்றபடி, ஏழு மாநாடுகளில் வாயைத் திறக்காமல் கதை கேட்ட உறுப்பினருக்கு எட்டாவது மாநாட்டில் தன் கதையைப் படிக்க இருபது நிமிடம் தரப்படும். அது பேரவையின் விதி. பல்லக்கா ஏழையும் கேட்டு முடித்துவிட்டாள். கதையும் எழுதி வைத்துவிட்டாள். பல் கட்டும் ஒருத்தியிடம் யாருடையது என்று தெரியாத ஒரு வாய் வந்து சேர்கிறது. முதல் நாள் அவள் வார்த்தபோது அது திறந்திருந்தது. நான்காம் நாள் காலையில் வந்து பார்த்தால் மூடியிருந்தது. அதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை.

அவளுடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கதையைக் கேட்டு ஒரே ஒரு ஆளாவது பயப்பட வேண்டும். சூழலைப் பாராட்டாமல், வாய்விட்டு, உடம்பு சிலிர்த்துப் பயப்பட வேண்டும். கணவரிடம் படித்துக் காட்டினாள். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மூன்றாம் பக்கத்தில் குறட்டை விட்டார்.

"என்னங்க, பயமா இல்லையா?"

"யார் சொன்னா? பயத்துலதான் கண்ணை மூடிக்கிட்டேன்" என்றார் அவர், திரும்பிப் படுத்தபடி.

மாநாட்டுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தபோது வினை வந்தது. அதைக் கொண்டுவந்தவர் பேரவையின் செயலாளர். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். தூக்கத்துக்கு மாத்திரை விற்றுவிட்டுத் தூக்கம் கெடுகிற கதை எழுதுவார். ஊருக்குப் பொதுவான மாடி அரங்கைத்தான் ஒவ்வொரு வருடமும் மாநாட்டுக்கு எடுப்பது வழக்கம். விண்ணப்பத்தில் நோக்கம் என்ற இடத்தில் ஏழு வருடமும் "இலக்கியக் கூட்டம்" என்று எழுதினார். இலக்கியம் என்ற சொல்லைக் கண்டதும் அலுவலகம் மேற்கொண்டு படிக்காமல் முத்திரை குத்திவிடும். இந்த வருடம் அவருக்கு ஒரு கௌரவப் பிரச்சினை கிளம்பியது. விபரீதக் கதைப் பேரவையின் செயலாளர் எழுதும் விண்ணப்பம் இவ்வளவு சப்பென்று இருக்கலாமா? அதற்கும் ஒரு சூழல் வேண்டாமா? இரண்டு நாள் உட்கார்ந்து இழைத்து இழைத்து எழுதினார்.

நிகழ்ச்சியின் நோக்கம்: கூடியிருப்போரை நடுநடுங்கச் செய்தல்.

உள்ளே வருவோர்: நாற்பது பேர்.

வெளியே செல்வோர்: சொல்வதற்கில்லை.

கொண்டுவரப்படும் பொருட்கள்: பெயரற்றவை.

படித்துக் காட்டியபோது பேரவையே சொக்கிப் போனது. பல்லக்காவும் கைதட்டினாள், அதை மறைப்பதற்கில்லை. பத்தாம் நாள் பொது அரங்கப் பிரிவிலிருந்து நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. செயலாளர் தனியாகப் போகத் துணிச்சல் இல்லாமல் பல்லக்காவைத் துணைக்கு அழைத்துப் போனார்.

அரங்கப் பிரிவின் கண்காணிப்பாளர் விண்ணப்பத்தை மேஜையில் வைத்து, அதன் மேல் ஒரு கண்ணாடிக் குண்டை வைத்து, குண்டின் மேல் கையை வைத்திருந்தார். அப்படி ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்தார், அவ்வளவுதான் அவர் மேல் உள்ள குறை.

"நாற்பது பேர் உள்ள போறாங்க. எத்தனை பேர் வெளிய வருவாங்க?"

"நாற்பது பேரும்தான் சார்" என்றார் செயலாளர்.

"அப்படி எழுதலையே."

"அது ஒரு சூழலுக்காக எழுதினது சார்."

"சூழலுக்குப் பதினொண்ணாவது பத்தி இருக்கு. அங்க 'காற்றோட்டம் போதுமானது'ன்னு எழுதணும். இது எட்டாவது பத்தி. வெளிய வராதவங்க உள்ளயே தங்கறதா ஆகுது. தங்கறதுன்னா விடுதி அனுமதி வேணும். சரி, அதை விடுங்க. பெயரில்லாத பொருள்னா என்ன?"

"அதை விவரிக்க முடியாது சார்."

"பரவாயில்லை, 'இதர'ன்னு போட்டுக்கறேன்." போட்டுக்கொண்டார். "அடுத்தது நடுநடுங்கறது. நாற்பது பேர் ஒரே நேரத்துல நடுங்கினா மாடி தாங்குமான்னு பொறியியல் பிரிவைக் கேட்டு எழுதினேன். உட்கார்ந்த நிலையில் நடுங்க ஆட்சேபணை இல்லைன்னு பதில் வந்திருக்கு. நின்னுகிட்டு நடுங்கக் கூடாது."

செயலாளர் கையைப் பிசைந்தார். "சார், அதைத் திருப்பிக் குடுத்துடுங்க. வழக்கம்போல இலக்கியக் கூட்டம்னு எழுதித் தந்துடறோம்."

"நீங்க எழுதினது பொய்யா?"

"இல்ல சார், உண்மைதான்."

"அப்போ ஒண்ணும் பண்ண முடியாது. பொய்யா இருந்தா திருத்தம் போடலாம். உண்மையைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை."

பிறகு அவர் பதினான்காம் விதியை எடுத்து வாசித்தார். முன்னொரு காலத்தில் யாரோ ஒரு மகானுபாவர் அந்த அரங்குக்குள் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்தபோது எழுதிய விதி அது. அரங்கில் எவருக்கும் அச்சம் விளைவிக்கலாகாது. விளையுமோ என்று ஐயம் எழுந்தால், சராசரி தைரியம் உடைய பணியாளர் ஒருவரைக் கொண்டு முன்கூட்டியே சோதித்து, அச்சமின்மைச் சான்றிதழ் பெற வேண்டும்.

"ஆக, மாநாட்டுல படிக்கப்போற ஒவ்வொரு கதையையும் இங்க கொண்டு வாங்க. எங்க ஆள் படிப்பாங்க. பயப்படலைன்னா அனுமதி. பயந்தா இல்லை."

பல்லக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், பயமுறுத்தறதுக்குத்தான் சார் அந்தக் கதையே. பயம் வராத கதைக்கு மட்டும் அனுமதின்னா எப்படி?"

"வாழைப்பழம் விக்கிற கடைக்கு அனுமதி குடுக்கறோம். தோலைத் தெருவுல போடறதுக்குக் குடுக்கறோமா?" என்றார் கண்காணிப்பாளர். அலுவலகங்களில் இந்த மாதிரி உவமைகள் வைத்திருப்பார்கள்.

சராசரி தைரியம் உடைய பணியாளரை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் ஒரு முறை இருந்தது. கண்காணிப்பாளர் உயர் பதவியில் இருப்பதால் அவர் தைரியம் சராசரிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளப்பட்டது. வாசல் காவலரின் தைரியம் அவருடைய பதவியைப் பொறுத்துச் சராசரிக்குக் கீழ். அவர் ஒருமுறை வெறிநாயைக் கையால் பிடித்தவர், ஆனால் அது அலுவல் நேரத்துக்கு வெளியே நடந்தது. பிரிவில் மொத்தம் பதினேழு பேர். பணிமூப்புப் பட்டியலில் நட்டநடுவில், ஒன்பதாவதாக இருந்தது தட்டச்சர். எனவே ஊரின் சராசரி தைரியம் அவரிடம் இருப்பதாக ஆணை பிறந்தது.

தட்டச்சரை எல்லாரும் டைப்பிஸ்ட் அம்மா என்பார்கள். ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. சாதுவான முகம், வாய் நிறையப் பல்செட். முப்பத்தைந்து வருடமாக அரசாணைகளை அடித்து அடித்து, எதைப் படித்தாலும் ஆச்சரியப்படாத ஒரு நிலையை அடைந்திருந்தார்.

குறித்த நாளில் ஒன்பது கதைகளும் மேஜைக்கு வந்தன. ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் "அச்சம்: உண்டு / இல்லை" என்று முத்திரை குத்தியிருந்தது. படித்துவிட்டுப் பொருந்தாததை அடிக்க வேண்டும். பல்லக்காவும் செயலாளரும் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். முதல் கதைக்கு எல்லாப் பக்கமும் இல்லை, இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவது செயலாளருடையது. கடலடியிலிருந்து பதினெட்டுக் கண்களோடு ஏதோ ஒன்று எழுந்து வரும் கதை.

"அம்மா, இது எப்படி இருந்துது?" என்று செயலாளர் ஆவலாகக் கேட்டார்.

"நல்லா இருந்துதுப்பா. ஆனா பயம் வரலை, பாவமாதான் இருந்துது. பதினெட்டுக் கண்ணுக்கும் கண்ணாடி போடணும்னா அது என்ன பாடு படும்!"

செயலாளரின் முகம் செத்துவிட்டது. அனுமதி கிடைத்த சந்தோஷத்தைக் காட்டுவதா, கதை போன துக்கத்தைக் காட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து ஒரு மாதிரி இருமினார். எட்டுக் கதைகள் இப்படியே தேறின. ஆறாவதில் அம்மா கொட்டாவி விட்டார், ஏழாவதில் டீ குடித்தார்.

ஒன்பதாவதாகப் பல்லக்காவின் கதை. முதல் பக்கம், இல்லை. இரண்டு, இல்லை. மூன்று, கொஞ்சம் யோசித்து, இல்லை. நான்காம் பக்கத்தில் அம்மாவின் கை பேனாவோடு அப்படியே நின்றது. பக்கத்தைத் திருப்பி, மறுபடி முன்னே திருப்பி, அந்த இடத்தை இரண்டாம் தடவை படித்தார். இடது கை தானாக வாய்க்குப் போனது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, தன் பல்செட்டைக் கழற்றி மேஜையில் ஒரு தாளின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் அதன் மேல் கோப்பு ஒன்றைக் கவிழ்த்து மூடினார்.

"காவலரைக் கூப்பிடுங்க" என்றார் பொக்கை வாயோடு. "இதை எடுத்துட்டுப் போய் வேற ரூம்ல வைக்கச் சொல்லுங்க. கதவைச் சாத்திட்டு வரச் சொல்லுங்க."

பல்லக்காவின் கண் நிறைந்துவிட்டது. இருபது வயதிலிருந்து எழுதுகிறாள். அவள் எழுத்துக்காக ஒரு மனுஷி பல்லைக் கழற்றி வைத்தது அன்றுதான். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பக்கத்தில் செயலாளர் இருந்ததால் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா கடைசிப் பக்கம்வரை நின்றுகொண்டே படித்தார். பொறியியல் பிரிவு தடுத்திருந்தும், நின்ற நிலையில் நடுங்கினார். முடித்துவிட்டுப் பல்லக்காவை அருகில் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதை நீயா எழுதினே?"

"ஆமாம்மா."

"நல்லா இருப்பே. ஆனா, நான் உண்டுன்னு எழுதினா நீ இதை மேடையில படிக்க முடியாது, தெரியுமில்ல?" கண்காணிப்பாளர் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கென்ன, இன்னும் ஆறு மாசம். இல்லைன்னு எழுதிட்டுப் போறேன். நீ படி. நாலு பேர் கேக்கட்டும்."

"இல்லைன்னு எழுதினா சான்றிதழ்ல என்னன்னு வரும்மா?"

கண்காணிப்பாளரே அதற்குப் பதில் சொன்னார். காது கூர்மையானவர். "'இக்கதை எவரையும் பயமுறுத்தாது எனச் சோதித்து உறுதி செய்யப்பட்டது.' படிக்கிறதுக்கு முன்னாடி மேடையில வாசிக்கணும். வாசல்லயும் ஒட்டணும்."

யோசித்துச் சொல்ல அவளுக்கு ஒரு நாள் அவகாசம் தரப்பட்டது. வீட்டில் அன்று அவள் தட்டில் கை வைத்ததோடு சரி. கணவர் சாம்பல் நிறப் பனியனோடு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உனக்கு என்னதான் வேணும்? கதையைப் படிக்கணுமா, அது பயங்கரம்னு பேர் வாங்கணுமா?"

"ரெண்டும்."

"லிஃப்ட்ல மேல, கீழ ரெண்டு பட்டனையும் ஒண்ணா அமுக்கறவங்களை நான் தினம் பாக்கறேன். நின்ன இடத்துலயே நிப்பாங்க."

"ஏழு வருஷம் காத்திருந்தேங்க."

"அப்போ படிச்சுடு. சான்றிதழ்ல என்ன எழுதியிருந்தா என்ன? கேக்கறவங்க காதைத்தானே வச்சுக் கேப்பாங்க?"

நல்ல மனிதர், சரியாகத்தான் சொன்னார். ஆனால் பல்லக்கா நாற்பது தலைகள் லேசாக ஆடுவதை நினைத்துப் பார்த்தாள். "எவரையும் பயமுறுத்தாது" என்று அவளே மேடையில் நின்று வாசித்துவிட்டு, அதன் பிறகு கதையை ஆரம்பித்து, அவர்கள் சூழலைப் பாராட்டி, எல்லாம் முடிந்து டீ குடிக்கப் போவதை நினைத்துப் பார்த்தாள். நெஞ்சு ஒப்பவில்லை.

மறுநாள் அலுவலகம் போய், "உண்டுன்னே எழுதுங்கம்மா" என்றாள். "அப்புறம் அந்த நிராகரிப்பை எழுத்துல, முத்திரையோட குடுங்க சார்."

டைப்பிஸ்ட் அம்மாவுக்கு இது விளங்கவில்லை. "நாலு பேர் கேக்கத்தானே எழுதினே? எனக்கென்னவோ போ. நான் ரிடையர் ஆனதும் அடுத்த வருஷம் வந்து உக்காந்து கேக்கறேன். இன்னொரு தரம் அந்த மாதிரி பயப்படணும் போல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கடிதத்தை அடித்துக் கொடுத்தார்.

மாநாட்டு நாளும் வந்தது. அரங்கு முழுக்கச் சாம்பல் நிறம். எட்டுப் பேர் முதலில் சான்றிதழையும் பிறகு கதையையும் வாசித்தார்கள். எட்டு முறையும் சூழல் நன்றாக வந்திருந்தது. பல்லக்காவின் முறை வந்தது. கதையைப் படிக்க அனுமதி இல்லை. மேடைக்கு வந்து கடிதத்தை வாசிக்க விதியில் தடை இல்லை. அதை வாசித்தாள்.

"பார்வையில் காணும் கதையானது, பதினான்காம் விதியின்கீழ் நியமிக்கப்பட்ட சராசரி தைரியம் உடைய பணியாளரால் முழுமையாக வாசிக்கப்பட்டதில், நான்காம் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் முடிய அச்சம் தொடர்ச்சியாகவும், ஏறுமுகமாகவும் விளைந்தது என அறியப்படுகிறது. மேற்படி அச்சம் அலுவல் நேரம் முடிந்த பின்பும் நீடித்தது. எனவே மேற்படி கதை பொதுமக்கள் காதில் விழத் தக்கதல்ல எனத் தீர்மானிக்கப்பட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

அரங்கில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எழுந்தார்கள். பேரவையின் வரலாற்றில் யாரும் எழுந்து நின்று கைதட்டியது கிடையாது. செயலாளர் ஓடி வந்து முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். "ஏறுமுகமாகவும்னு போட்டிருக்காங்களே!" என்று ஒருவர் பொறாமையில் பல்லைக் கடித்தார். தேநீர் இடைவேளையில் அவளைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. கையெழுத்து யாருடையது, எத்தனை நாளில் கிடைத்தது, எந்த மேஜையில் கேட்க வேண்டும் என்றெல்லாம் விசாரித்தார்கள். அவள் கைப்பையில் கதையும் இருந்தது. அரங்குக்கு வெளியே, படிக்கட்டில் நின்று யாராவது கேட்டால் படித்துவிடலாம் என்று எடுத்து வந்திருந்தாள். ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அவ்வளவு கைதட்டலுக்கு நடுவில் எந்த வருத்தம் எடுபடும்?

அடுத்த வருடம் சாம்பல் நிறம் போய், நிராகரிப்புக் கடிதம் வந்தது. அது இல்லாதவரைப் பேரவையில் யாரும் மதிப்பதில்லை என்று ஆகிவிட்டது. உறுப்பினர்கள் தினம் இரண்டு பேராவது கதையோடு அரங்கப் பிரிவின் வாசலில் நின்றார்கள். டைப்பிஸ்ட் அம்மா அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். பட்டியல் ஒருபடி நகர்ந்து, நடு இடம் ஒரு குமாஸ்தாவுக்கு வந்தது. அவருக்கு ஒரு பலவீனம் உண்டு. கனமான கட்டு எதைக் கண்டாலும், அதைப் படித்தாக வேண்டுமே என்று நினைத்து அவருக்கு உண்மையிலேயே நெஞ்சு படபடக்கும். ஆகவே கட்டைப் பிரிக்காமலே, மனசாட்சிப்படி "உண்டு" என்று எழுதினார். மெல்லிய கதைகளுக்கு "இல்லை" வந்தது. பேரவைக்காரர்களுக்கு இந்த சூட்சுமம் பிடிபட ஒரு மாதம் ஆனது. அதன் பிறகு முதல் தாளில் தலைப்பை எழுதி, அடியில் நூற்றைம்பது வெள்ளைத் தாள் வைத்துக் கட்டினார்கள். எல்லாருக்கும் நிராகரிப்பு கிடைத்தது. கடிதங்களில் "கடும்", "மிகக் கடும்" என்று தரம் வேறு போடத் தொடங்கினார்கள்.

பல்லக்கா மட்டும் என்ன வாழ்ந்தாள்? முதலில் அவளும் ஒரு புதுக்கதைதான் ஆரம்பித்தாள். இரண்டு பக்கம் எழுதினாள். பின்னறையில் வேலை குவிந்தது, மாநாடு நெருங்கியது, மற்றவர்கள் "மிகக் கடும்" வாங்கிவிட்டார்கள். பழைய கதையையே திரும்பக் கொடுக்கலாமென்றால் அது பதினோரு பக்கம்தான், "இல்லை" வந்து தொலையும். எழுதிய இரண்டு பக்கத்தையும் உருவிவிட்டு இருநூறு வெள்ளைத் தாளைக் கட்டிக் கொடுத்தாள். "மிக மிகக் கடும்" வந்தது. எனக்கே இந்த இடத்தில் அவள் மேல் கோபம் வருகிறது. ஆனால் அவளைப் பார்க்க வேண்டுமே, கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக் கண்ணாடி முன் நின்று, வருடம் பூராவும் காத்திருந்த அந்த நாளுக்காகப் பூரித்துப் போயிருந்தாள்.

ஒன்பதாவது மாநாடு காலை பத்து மணிக்குத் துவங்கியது. நாற்பது பேர், நாற்பது கழுத்துகளில் நாற்பது கடிதங்கள். நிராகரிக்கப்பட்டவர்கள் இத்தனை பேர் ஓரிடத்தில் கூடுவதால், மேற்பார்வைக்குக் கண்காணிப்பாளரே குறிப்பேட்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துக் கோப்பு எண்ணையும் தரத்தையும் வாசிக்கச் செய்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் கைதட்டல். பல்லக்காவின் எண்ணுக்கு எழுந்து நின்று தட்டினார்கள்.

பன்னிரண்டாவது எண்ணின்போது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பூப்போட்ட சேலையும் மடியில் ஒரு துணிப்பையுமாக டைப்பிஸ்ட் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா, நான் காலையிலேருந்து உக்காந்திருக்கேன். கதை எப்போ படிப்பீங்க?"

செயலாளர் பட்டியலில் பதின்மூன்றாவது எண்ணைத் தேடினார்.

"நம்பர் எல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம். நான் பல்லைக்கூட வீட்டுலயே வச்சுட்டு வந்திருக்கேன், எதுக்கு வம்புன்னு. யாராவது ஒரு கதை படிங்கப்பா."

செயலாளர் மேடையில் தொண்டையைச் செருமினார். "அனுமதி இல்லைம்மா. எல்லாமே நிராகரிக்கப்பட்டது."

"மேடையிலதானே அனுமதி இல்லை? இப்படி வெளிய வாங்க, படிக்கட்டுல உக்காந்து படிங்க. நான் கேக்கறேன்." அம்மா எழுந்து நின்று அரங்கைச் சுற்றிப் பார்த்தார். "நாற்பது பேர் இருக்கீங்க. ஒருத்தர்கிட்டயாவது கதை இருக்குமில்ல?"

அப்போதுதான் அது நடந்தது. செயலாளரின் கையிலிருந்த பட்டியல் படபடவென்று அடித்துக்கொண்டது. இரண்டாம் வரிசையில் ஒருவருக்கு உதடு வெளுத்தது. ஒருவர் கழுத்துக் கடிதத்தை இரண்டு கையாலும் மார்போடு அழுத்திக்கொண்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மாவின் பார்வை வரிசை வரிசையாக நகர்ந்து பல்லக்காவிடம் வந்து, அவளை அடையாளம் கண்டு மலர்ந்தது.

"இதோ இருக்காளே! நீ சொல்லும்மா. புதுசா என்ன எழுதியிருக்கே?"

பல்லக்காவுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. இருபது வருடமாக அவள் எழுத முயன்ற உணர்ச்சி, எந்தக் கதையிலும் இவ்வளவு துல்லியமாக வந்ததில்லை. வாயைத் திறந்தாள். அலமாரி வாய்களைப் போல அது திறந்தபடியே இருந்தது.

முன்வரிசையில் கண்காணிப்பாளர் எழுந்தார். அவர் அனுபவசாலி, பார்த்ததும் தெரிந்துகொண்டார். குறிப்பேட்டில் எழுதினார்: பதினொன்று இருபதுக்கு அரங்கில் அச்சம் காணப்பட்டது. பாதிக்கப்பட்டோர் நாற்பது. காரணம், கதை கேட்கப்பட்டது. பதினான்காம் விதியின்கீழ் எல்லாரையும் உடனே வெளியேற்றி அரங்கைப் பூட்டினார்.

நாற்பது பேரும் வாசல் படிக்கட்டில் வெயிலில் நின்றார்கள். இப்படி ஒரு நிலைமை இனி வரக் கூடாது என்பதில் பேரவைக்கு ஒரே மனம். செயலாளர் அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: இனிவரும் மாநாடுகளில் கதை கேட்கும் எண்ணம் உடைய வெளியாட்களை அனுமதிப்பதில்லை.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

டைப்பிஸ்ட் அம்மா கீழ்ப்படியில், துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கையில் தவறு வரக் கூடாது என்று கண்காணிப்பாளரே முன்வந்து கைகளை எண்ணினார். முப்பத்தொன்பது வந்தது. மறுபடி எண்ணினார். இந்த முறை நாற்பது. நாற்பதாவது கை கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்தது. தாமதத்தைப் பற்றி நடவடிக்கைக் குறிப்பில் எதுவும் இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று மட்டும் இருக்கிறது.